சீம்பாலுக்குக் காவல்

குணாளன் கன்றின் வாயைப் பிடித்துப் பசு ராணியின் மடியில் வைத்தார். கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கமாகக் கொண்டுபோய் வைத்தார். அது அவருடைய சட்டைப் பித்தானை நக்கிப் பார்த்தது.

"குடிடா ராசா, ஒரு வாய்தான் லா."

ராசா கொட்டாவி விட்டான்.

தெப்ராவ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டை முடித்துக் கோத்தா திங்கிக்குத் திரும்பிய மனிதரை வரவேற்றது ராத்திரி பிறந்திருந்த இந்தக் கன்றுதான். மனைவி தனலெட்சுமி பள்ளிக்கூடக் கேன்டீனுக்குச் சமையல் வேலைக்குப் போயிருந்தாள். அடுப்படியில் நின்றுவிட்டால் பிரதமரே கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டாள்.

போன இரண்டு ஈற்றிலும் பிறந்த கன்றுகள் கழிச்சலில் செத்துப்போயின. இரண்டாவதைப் புதைத்த அன்று குணாளன் வாய்விட்டு அழுதார். அதனால்தான் இந்தத் தடவை ராணி நிறைசினையாக இருக்கும்போதே மாட்டு டாக்டர் ஐலீனை வரவழைத்துத் தடுப்பூசி போடச் செய்தார்.

"ஊசி தாய்க்கு, பாதுகாப்பு கன்னுக்கு. ஆனா அது சீம்பால் வழியாத்தான் போகும். பொறந்த கையோட வயிறு நெறைய குடிக்கணும். இல்லன்னா போட்ட ஊசி வீண்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

டாக்டருக்கு இந்தக் கம்பத்து ஊர்க்காரர்களைப் பற்றித் தெரியாது. இங்கே மாடு கன்று போட்டால் சீம்பாலுக்கு ஊரே ஏனத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்தால் பகையாளிகூட உறவு கொண்டாடுவான்.

நினைத்து முடிக்கவில்லை, பக்கத்து வீட்டு யோகேஸ்வரி கையில் டப்பாவோடு வந்து நின்றார்.

"தம்பி..."

"இல்லக்கா! சீம்பால் கிடையாது!"

"அதில்ல தம்பி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

பேச விட்டால் தாம் இளகிவிடுவோம் என்பது குணாளனுக்கு நன்றாகவே தெரியும். வாயில் வந்ததை எடுத்து விட்டார். "ஊசி போட்ட மாடுக்கா! அந்தப் பாலக் குடிச்சா மனுசனுக்கு வயித்தால போகும்!"

யோகேஸ்வரியின் முகம் வெளுத்தது. "பெரியவங்களுக்குமா?"

"பெரியவங்களுக்குத்தான் ரொம்ப."

டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி அவர் ஓட்டமாக ஓடினார். பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் குணாளன் வாழ்க்கையில் எப்போதோ முன்னேறியிருப்பார்.

அடுத்து வந்தவர் லோரி ஓட்டி ஓய்ந்த சபாபதி. கையில் தூக்குச்சட்டி.

"குணா, யோகேஸ் சொன்னது நெசமா?"

"நெசந்தான் மாமா. ஒரு கரண்டி போதும், ஆளக் கவுத்துரும்."

"ஏன்டா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இப்பதான மாமா சொல்றேன்!"

சபாபதி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்தார். "ஒங்க வீட்டு டாய்லெட் எங்கடா?"

அவர் உள்ளே போவதற்குள் செய்தி கம்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. குண்டான், டப்பா, கிண்ணம் என்று கையில் ஒன்றோடு ஆட்கள் வந்தார்கள். இன்னும் ஆசை விடவில்லையா என்று குணாளனுக்குக் கோபம் வந்தது.

"எந்த மருந்துக்கும் கேக்காது!" என்று கத்தினார்.

நான்கு பேர் வயிற்றைப் பிடித்தார்கள். சபாபதி கதவைத் திறக்கவில்லை. வெளியே வரிசை நின்றது; யோகேஸ்வரியும் டப்பாவோடு திரும்பி வந்து அதில் நின்றார்.

குணாளன் இப்போதுதான் யோசித்தார். தாம் சொன்னது பச்சைப் பொய். பொய்யைக் கேட்டதற்கே இத்தனை பேருக்கு வயிறு கலக்குமா? கலக்காது. அப்படியென்றால் நிஜமாகவே நோய் வந்துவிட்டது!

"அலமாக்! கழிச்சல் கம்பத்துக்கே வந்துருச்சு! என் கன்னு!"

கன்றைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். கன்றைக் காணாத ராணி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, ஹாலில் நின்று அம்மா என்று கத்தியது. டாய்லெட் வரிசையில் நின்றவர்கள் சோபாவின் மேல் ஏறிக்கொண்டார்கள்.

போன் போட்டதும் டாக்டர் ஐலீன் பறந்து வந்தார். "என்ன குணாளன் இது? நான் மாட்டுக்குத்தான் டாக்டர்!"

"டாக்டர், கன்னு ஒரு சொட்டு குடிக்கல! இவங்களுக்கெல்லாம் கழிச்சல்! இதுவும் செத்துப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது!" குணாளன் படுக்கையறைக் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"ஊசி போட்ட பாலாலதான் இப்படின்னு சொல்றாங்க, டாக்டர்" என்றது சோபா.

"அந்த ஊசியால பாலுக்கு ஒண்ணுமே ஆகாதே. யாரு சொன்னது?"

எல்லா விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. குணாளன் தலையைக் குனிந்தார். "நான்தான் பொய் சொன்னேன். கன்னுக்கு இல்லாம போயிருமேன்னு பயம். பால் வாங்க வந்தவங்கள வேற எப்படித்தான் தொரத்துறது?"

யோகேஸ்வரி சோபாவிலிருந்து இறங்கி வந்து, கழுவித் துடைத்த காலி டப்பாவை அவர் கையில் திணித்தார்.

"யாருப்பா பால் வாங்க வந்தா? கன்னு வயிறு முட்டக் குடிச்சிருச்சுன்னு விடிகாலையிலயே தனம் மிச்சப் பால வீடு வீடாக் கொடுத்துட்டுப் போச்சு, நாங்க ஏனத்தத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தோம்!"