கார்டு சார் கேட்ட ஒரே கேள்வி

ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பவர்கள் போலீசுக்குப் பயப்பட மாட்டார்கள், வருமான வரிக்காரர்களுக்கும் பயப்பட மாட்டார்கள். அவர்கள் நடுங்கியதெல்லாம் கார்டு சாருக்குத்தான்.

நான் வேலை பார்த்த நூல் மில் ஆபீசில் பக்கத்து மேஜை அவருடையது. ஊரே வாட்ஸப்பில் மூழ்கிக் கிடக்க, அவர் சாப்பாட்டு இடைவேளையில் தபால் கார்டு எழுதுவார். சுந்தரபாண்டியத்து விவசாயிக்கு, மழை விட்டதும் மண்புழு ஏன் வெளியே வருகிறது என்று ஒன்று. கால்நடைக் கல்லூரிப் பேராசிரியருக்கு, நாய் கனவு காணுமா என்று இன்னொன்று. போனில் கேட்டால் என்ன என்றேன்.

"போன்ல யோசிக்காம சொல்லிருவான் தம்பி. கார்டுன்னா பேனாவைத் தேடுற நேரமாவது யோசிப்பான்."

நாய்க்காரர்களிடம் எப்போதும் ஒரே விசாரணைதான். வெள்ளைக் குட்டிகளில் காது கேட்காதவை உண்டா, அவற்றின் தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன உறவு? தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்கு எழுதும்போது அவசரத்தில் 'நாய்' என்ற சொல்லை விட்டுவிட்டார். "தங்கள் வீட்டு ஜோடி ஒரே வயிற்றில் பிறந்தவர்களா?" என்று போய்விட்டது. அந்தக் கார்டைத் தபால்காரர் படித்தார், தெரு படித்தது, கடைசியில் அவர் மாமியாரும் படித்தார். மறுநாள் மனிதர் மில் வாசலில் அரிவாளோடு நின்றார். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தோம். கிளாஸ் காலியாவதற்குள் கார்டு சார் அவருடைய நாயின் பாட்டன் பூட்டன் வரை விசாரித்து முடித்துவிட்டார்.

சேத்தூர்க்காரர் ஒருவர் மட்டும் பதிலே போடவில்லை. என் பைக்கில் நேரிலேயே போனோம். கார்டு சார் குட்டிகளுக்குப் பின்னால் பதுங்கிப் போய், தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினார். எல்லாம் சிதறி ஓடின. ஒன்று மட்டும் வாலை ஆட்டியபடி தரையை முகர்ந்துகொண்டிருந்தது. செவிட்டுக் குட்டியை யாரும் வாங்க மாட்டார்கள், கிணற்றில் போட்டுவிடுவதுதான் வழக்கம், இது எப்படியோ தப்பிவிட்டது என்றார் வீட்டுக்காரர், வெகு சாதாரணமாக. கார்டு சார் குட்டியைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"எம் மகளும் இப்படித்தான் தம்பி. எம்புட்டுக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. நான் கட்டினது எங்கக்கா மகளை. பிள்ளை ரோட்டுல போகும்போது பின்னால லாரி வந்துச்சு. ஆரன் அடிச்சேன்னு டிரைவர் சொன்னான். அடிச்சிருப்பான்."

சொல்லிவிட்டு மறுபடி பின்னால் ஏறிக்கொண்டார், நான் வண்டியை எடுத்தேன். குட்டி வழியெல்லாம் சட்டைக்குள் முனகிக்கொண்டு வந்தது.

காது கேட்காத குட்டிகளைப் பற்றிப் பேராசிரியருக்கும் எழுதியிருந்தார், அதற்குப் பின்னர் பதில் வந்தது. நெருங்கிய உறவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அதில் ஆபத்து கூடுதல் என்று எழுதியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த கார்டு சாருடைய மச்சினன், அவர் மனைவியின் தம்பி, தன் மகளைத் தன் பெரியக்கா மகனுக்கே கொடுப்பதாக நிச்சயம் செய்தார். கார்டு சார் சும்மா இருப்பாரா? கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று எழுதினார். அதையும் கார்டில்தான் எழுதினார். இந்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெரு படித்தது.

குட்டிக்கு மருந்து கொடுக்க நான் அவர் வீட்டில் இருந்தபோது மச்சினன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒங்க பிள்ளை போச்சுன்னு எங்க வீட்டு விளக்கையும் அணைக்கப் பாக்கியளா மாமா?"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி கோதை அக்கா ஈரக் கையோடு வந்தார். மகள் போனதிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்காதவர்.

"அவியளா எழுதல. நாந்தான் எழுதச் சொன்னேன். பெத்துப் பறிகொடுத்தவ சொல்லுதேன், ஒரு தடவை பாத்துட்டுச் செய்யி."

கார்டு சார் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அது பொய் என்று எனக்கு விளங்கிவிட்டது. மச்சினன் தன் அக்காவை வெறித்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அன்று முழுக்க அக்கா அழுதுகொண்டேதான் சமைத்தார். கார்டு சார் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கேள்வியும் கேட்காமல், வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

கல்யாணம் நடந்தது. டாக்டரைப் பார்த்தார்களா என்பது தெரியாது. இவர்களுக்குப் பத்திரிகை வரவில்லை. கோதை அக்கா பிறந்த வீட்டுக்குப் போவதும், அங்கிருந்து தீபாவளிக்குத் துணி வருவதும் அத்தோடு நின்றன.

நான் இப்போது அந்த மில்லில் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது, கோதை அக்காவுக்கும் கார்டு சாருக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறேன்.