அரைநாள் அண்ணையும் பத்தாவது ஆளும்

லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத சாரதி ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் அரைநாள் அண்ணை. மகாராணியே தெருவில் நின்று கையைக் காட்டி மறித்து ஏறியிருந்தாலும், "அரண்மனையைப் பேந்து பாப்பம் அம்மா, முதல்லை வைட்சப்பலுக்கு வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் நாங்கள் இருந்த இல்ஃபோர்டில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. "லண்டன் பாக்க அரைநாள் காணும்" என்பது அவர் கொள்கை; அதற்கு மேல் தேவையில்லை. கனடாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ யாருடைய சொந்தக்காரர் வந்து இறங்கினாலும், ஞாயிறு காலையில் தன்னுடைய வெள்ளை மினிபஸ்ஸைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுவார். கிழமை நாட்களில் அந்த பஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும். சனிக்கிழமைகளில் கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு. ஞாயிறு காலையில் மட்டும் அது சுற்றுலா பஸ். முற்றிலும் இலவசம் என்பதால் தப்பிக்க ஒரு சாட்டும் கிடைக்காது.

எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கியபோது அண்ணைக்குக் கிடைத்த முதல் வேலை, வைட்சப்பலில் ஒரு யூதருடைய கோட் தைக்கும் பட்டறையில் அயன் போடுவது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் நடந்து திரிந்த நாலைந்து யூதத் தெருக்கள்தான் அவருக்கு லண்டன். மிச்சமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று மனதார நம்பினார்.

அண்ணையின் வரலாற்று விளக்கம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டுவார்.

"இஞ்சைதான் யூதச் சனம் வந்து இறங்கினவை. எங்களைப் போலத்தான், ஒரு பெட்டியோடை. வந்த கிழமை ஒரு சங்கம் துடங்கினவை. அடுத்த கிழமை சங்கம் ரெண்டாப் பிரிஞ்சுது. பேந்து ஆளுக்கொரு கோயில். அவரின்ரை கோயிலுக்கு இவர் போகமாட்டார்."

பஸ்ஸுக்குள் எல்லாரும் தலையாட்டுவார்கள். எங்கள் சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

பிரிக் லேனில் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் பஸ் நிற்கும். "இது முதல்லை பிரான்சிலை இருந்து ஓடி வந்தவையின்ரை சேர்ச். பேந்து யூதரின்ரை கோயில். இப்ப பள்ளிவாசல். மேலை பாருங்கோ, வெயில் மணிக்கூடு. லண்டனிலை வெயிலை நம்பி மணிக்கூடு வைச்சவன் எவ்வளவு நல்ல மனிசனா இருந்திருப்பான்!" பிறகு, யூத ஏழைகளுக்கு சூப் கொடுத்த பழைய மடம். "இப்ப உதுக்குள்ளை பிளாட் போட்டிருக்கு. உள்ளை இருக்கிறவை சூப்பைக் கடையிலை வாங்கிக் குடிக்கினம்."

ஆனால் இந்தச் சுற்றுலாவைக் கடைசிவரை பார்த்தவர்கள் மிகக் குறைவு. பெட்டிகோட் லேன் ஞாயிறு சந்தை வந்ததும் பெண்கள் சூட்கேஸ் வாங்க இறங்கிவிடுவார்கள். சூட்கேஸைத் தூக்க ஆண்களும் இறங்குவார்கள். கடைசித் தரிப்பு ஸ்டெப்னியில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன யூதக் கோயில். அங்கே போய்ச் சேரும்போது பஸ்ஸில் அண்ணையும் நானும்தான் இருப்போம். நான் அவர் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். இறங்கி ஓடினால் இரவுச் சாப்பாட்டுக்கு அதே வீட்டுக்குத்தானே போகவேண்டும்?

அந்தக் கோயிலைப் பார்த்துக்கொண்டவர் எண்பது வயதான ஒரு யூதர். இடுப்பில் எப்போதும் சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வை தொங்கியதால் அண்ணை அவருக்கு 'திறப்பு மிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார். ஞாயிறுதோறும் கிழவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். "எங்கே உன் கூட்டம்?" என்று கேட்பார். "பின்னாலை வருகினம்" என்பார் அண்ணை. இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

2009 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, திறப்பு மிஸ்டர் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்திருந்தார். அண்ணை காரணம் கேட்டார்.

"வருகிற ஞாயிறு என் அண்ணனின் நினைவு நாள். அவருக்காகப் பிரார்த்தனை சொல்லவேண்டும். பத்து ஆண்கள் கூடி நின்றால்தான் எங்களில் அதைச் சொல்லலாம். இப்போது எட்டு, ஒன்பது பேர்தான் வருகிறோம். மற்றவர்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள், இல்லையென்றால் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். போன வருடமும் ஆள் காணாமல் சொல்லாமலே வீட்டுக்குப் போனேன்."

அண்ணை நெஞ்சில் கையை வைத்தார். "பத்துப் பேரோ? அதை என்னட்டை விடுங்கோ."

எங்களை அறிந்தவர்களுக்கு இது புரியும். சாமத்தியவீடு என்றால் நானூறு பேரைக் கூட்டி, இருநூறு பேரை நிற்கவைத்துச் சாப்பாடு போடுகிற சனம் நாங்கள். பத்துப் பேர் எங்கள் வீடுகளில் சமையலறை வாசலில் சும்மா நிற்பார்கள்.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் அண்ணையைத் தவிரப் பதினொரு ஆண்கள். "இண்டைக்கு ஆம்பிளையளுக்கு மட்டும்" என்று அண்ணை அறிவித்ததில் அண்ணையின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், உட்பட எல்லாப் பெண்களுக்கும் சந்தேகம். பதினொருவரில் முக்கியமானவர் சுவிஸ் மாமா. என் அம்மாவின் தம்பி. மெழுகுச் சிலைகளைப் பார்க்கவென்றே சூரிச்சிலிருந்து வந்திருந்தார்.

"மெழுகுச் சிலை எங்கை வருது தம்பி?"

"போற வழியிலை" என்றார் அண்ணை. அன்றைக்கு எந்தச் சந்தையிலும் பஸ் நிற்கவில்லை. வெயில் மணிக்கூட்டைக்கூட ஓடிக்கொண்டே பார்த்தோம்.

கோயில் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, அண்ணை பஸ்ஸை நிறுத்த இடம் தேடிப் போனார். அந்த ஐந்து நிமிடம்தான் வினையாகப் போனது. கோயில் என்று கேள்விப்பட்டதுமே எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிப் படியில் வரிசையாக வைத்துவிட்டார்கள். சுவிஸ் மாமா ஒரு படி மேலே போனார். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனிடம் ஒருநாளும் சேட்டோடு போகாத மனிதர். ஒக்டோபர்க் குளிரில் ஜாக்கெட்டைக் கழற்றி, சேட்டைக் கழற்றி, பெனியனையும் கழற்றி, தோளில் போட்டுக்கொண்டு கையைக் கூப்பினார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

திறப்பு மிஸ்டர் மாமாவின் வெறும் நெஞ்சைப் பார்த்தார். படியிலிருந்த சப்பாத்துகளைப் பார்த்தார். "இவருக்கு உடம்பு சரியில்லையா? அம்புலன்ஸைக் கூப்பிடவா?" என்று என்னிடம் கேட்டார்.

அண்ணை மூச்சிரைக்க ஓடிவந்தார். "மாமா, போடுங்கோ, போடுங்கோ! இஞ்சை கழட்டுறேல்லை!"

"கோயிலுக்குள்ளை சேட்டோடையோ?"

"ஓம். சேட்டோடை, சப்பாத்தோடை. தலையிலை தொப்பியும் போடவேணும்."

"தொப்பியோடை சாமி கும்பிடுறதோ? என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்றார் மாமா. ஆனாலும் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த சின்னத் தொப்பியை, வழுக்கைத் தலையில் நிற்காமல் ஒரு கையால் பிடித்தபடி உள்ளே வந்தார்.

உள்ளே எட்டு யூதப் பெரியவர்கள் இருந்தார்கள். திறப்பு மிஸ்டரோடு ஒன்பது. அண்ணை எங்கள் பதினொருவரையும் வரிசையாக நிற்கவைத்து, "எண்ணிப் பாருங்கோ. கூடவே இருக்கினம்" என்றார்.

கிழவர் எண்ணவில்லை. அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீ செய்தது பெரிய காரியம். ஆனால் அந்தப் பத்துப் பேரும் யூதர்களாக இருக்கவேண்டும்."

"அதை முதல்லையே சொல்லியிருக்கலாமே!"

"அதைச் சொல்லவேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை."

பெரியவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணிப் பார்த்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் ஸ்பெயினில். காலைப் பிரார்த்தனைக்கு மத்தியானம் வரைதான் நேரம். பின்னேரத்துக்கு இந்த ஒன்பது பேரும் திரும்பி வரமாட்டார்கள். கிழவர் புத்தகத்தை மூடிவைத்தார்.

அண்ணை வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணையின் தம்பி வன்னியில் இருந்தவர். மே மாதம் அங்கே போர் முடிந்த பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அந்த வருடம் எங்கள் தெருவில் பல வீடுகளில் அதே நிலைதான். யாரும் யாரையும் கேட்பதில்லை.

"இந்தாளுக்கு நாள் தெரியுது. கோயில் இருக்கு. சொல்ல வாயும் இருக்கு. ஒரு ஆள் காணாதெண்டு அதை விடுறதோ?" என்றார். பிறகு சட்டென்று எழும்பினார். "டேவிட் இருக்கிறாரெல்லோ! எடடா பஸ்ஸை!" என்று என்னை விரட்டினார்.

பஸ்ஸை எடுப்பது அவர் வேலைதான். அந்த அவசரத்தில் அவருக்கு அது மறந்துவிட்டது.

டேவிட் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கறுப்பு டாக்ஸி ஓட்டி ஓய்வுபெற்றவர். தன் வாசலை மறித்து மினிபஸ்ஸை நிறுத்துகிறார் என்று இரண்டு வருடமாக அண்ணையோடு பேச்சில்லை. கவுன்சிலுக்கு மட்டும் புகார் எழுதுவார். அவர் யூதர் என்று அண்ணைக்குத் தெரிந்தது வாசல் நிலையால். யூதர்கள் வேத வாசகம் எழுதிய சுருளைச் சின்னக் கூடு ஒன்றில் வைத்து நிலையில் சரிவாக அடித்திருப்பார்கள். அண்ணை வாங்கிய வீடும் ஒரு யூதருடையதுதான். கூட்டைக் கழற்றிய இடத்தில் பெயின்றுக்குக் கீழே இரண்டு ஆணி ஓட்டை இருந்தது. அண்ணை அதைத் தடவிப் பார்த்து, "வீடு இதுதான்" என்று வாசலிலேயே முடிவு செய்துவிட்டார். அக்கா சமையலறையைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒலிம்பிக்குக்காகத் தெருவெல்லாம் கிண்டியிருந்தார்கள். மற்றவர்களைக் கோயிலில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் எப்படி இல்ஃபோர்ட் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கே தெரியாது. டேவிட் இரவு உடுப்போடு கதவைத் திறந்தார்.

"பஸ்ஸை எடுக்க வந்தாயா?"

"எடுத்தாச்சு. நீங்கள் ஏறவேணும்" என்று அண்ணை தன்னுடைய ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார்.

"நான் கோயிலுக்குப் போய் எத்தனையோ வருடம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை."

"நம்பிக்கை வேண்டாம். வந்து நிண்டால் காணும்."

"உனக்கு நான் ஏன் உதவவேண்டும்?"

"எனக்கில்லை. அந்தாளின்ரை அண்ணனுக்கு."

டேவிட் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சரி, முடிந்தது என்று நான் பஸ்ஸுக்குத் திரும்பினேன். அண்ணை அசையவில்லை. மழை தூறத் தொடங்கியது. ஐந்தாறு நிமிடத்தில் மறுபடி கதவு திறந்தது. கோட், டை, பழைய கறுப்புத் தொப்பியோடு டேவிட்.

திரும்பிப் போகும்போது அவர் முன் சீட்டில் இருந்துகொண்டு வழி சொல்லிக்கொண்டே வந்தார். டாக்ஸிக்காரருக்கு மினிபஸ்காரர் ஓட்டுவது சகிக்குமா? "இடப்பக்கம் எடு! இந்தச் சந்தியில் யாராவது நேரே போவார்களா?" "நான் இந்த ரோட்டாலை இருவது வருசமாப் போறன்!" "இருபது வருடமும் பிழையாகப் போயிருக்கிறாய்!" இரண்டு வருடம் பேசாததை மைல் எண்ட் வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

டேவிட் உள்ளே காலடி வைத்ததும் திறப்பு மிஸ்டர் அவரை ஒன்றும் விசாரிக்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிற்கவைத்து, மூடிய புத்தகத்தைத் திறந்தார். எங்கள் பதினொருவரும் தொப்பியோடு பின்னால் நின்றோம். கிழவர் தன் அண்ணனுக்கான பிரார்த்தனையை நிறுத்தாமல் சொல்லி முடித்தார். எங்களுக்குப் புரிந்த ஒரே சொல் ஆமென். அதை அந்தக் கோயிலிலேயே உரத்துச் சொன்னவர் அரைநாள் அண்ணை. இரண்டு தரம் பிழையான இடத்திலும் சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிந்ததும் பிஸ்கட்டும் மீனும், சின்னக் கிளாஸ்களில் விஸ்கியும் வந்தன. இறந்தவர் பெயரால் அப்படிக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். சுவிஸ் மாமாவின் முகம் மலர்ந்தது. "திவசத்துக்கு விஸ்கி குடுக்கிற சமயம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!" என்றார். அதற்குப் பிறகு அவர் மெழுகுச் சிலையைப் பற்றிப் பேசவே இல்லை.

திறப்பு மிஸ்டர் ஒரு கிளாஸை அண்ணையிடம் நீட்டி, "உனக்கும் சொல்வதற்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

அண்ணை கிளாஸை வாங்கினார். "தம்பி. நாள் தெரியாது."

"எங்களிலும் நாள் தெரியாமல் போனவர்கள் எவ்வளவோ பேர். ஒரு நாளை நாங்களே குறித்துக்கொண்டோம். நீயும் அவசரப்படாதே. மனம் வரும்போது குறித்துக்கொள்."

குடிப்பழக்கமே இல்லாத அண்ணை விஸ்கியை ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, மிச்சத்தை மாமாவிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இறங்கியதும் டேவிட், "நாளைக்கு இந்த பஸ் இந்த இடத்தில் நிற்கக்கூடாது" என்றார். "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு அண்ணை அதை அதே இடத்தில் நிறுத்தினார்.

தம்பிக்கு ஒரு நாளைக் குறிக்க அண்ணைக்கு மூன்று வருடம் எடுத்தது. இப்போது அவர் லண்டனின் தெற்கே சட்டன் என்ற இடத்தில் மகளோடு இருக்கிறார். கண் பார்வை குறைந்து ஓட்டுவதை விட்டுவிட்டார். வருடத்தில் அந்த ஒரு நாளுக்காக மட்டும், முதல் நாள் பின்னேரம் என் போன் அடிக்கும். "தம்பி, நாளைக்கு வாறியோ? சனம் காணாது" என்பார். போய்ப் பார்த்தால் வீடு நிறையச் சனம் இருக்கும், எனக்கு உட்காரக்கூட இடம் இருக்காது. ஆனாலும் அந்த மனிதர் கூப்பிட்டு ஒரு வருடமாவது போகாமல் விட எனக்கு மனம் வந்ததில்லை.