செப்புத் தகட்டின் மறுபக்கம்

மழையை நம்பாமல் கிணற்றை நம்பி வாழ்ந்த நாடு ஒன்று இருந்தது, செல்லங்களா. பெயர் நீர்மங்கலம். அங்கே பொதுச் சாவடியில் நீர் இறைக்கும் பொறி ஒன்றின் வரைபடம் தொங்கும். யாரும் அதைப் பார்த்துச் செய்யலாம், விற்றுப் பிழைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான். பொறியை ஆக்கியவர்களின் பெயர்களும் அதைப் பேணும் முறையும் பொறித்த செப்புத் தகடு ஒவ்வொரு பொறியோடும் போக வேண்டும்.

அரசாங்கமும் ஒருநாள் பட்டறை திறந்து பொறி விற்கத் தொடங்கியது. தகடு பொறிக்கும் வேலை தவமணிக்கு. அவள் பொறித்து அடுக்கியிருந்த தகடுகளைப் பார்த்துப் புகழ்த்துறை அமைச்சர் முகம் சுளித்தார்.

"யாரும்மா இந்தக் காளத்தி, சடையன், வெள்ளையம்மா? எல்லாத்தையும் சுரண்டிட்டு, ஆக்கியவர் மாமன்னர்னு போடு."

"ஐயா, சாவடி நிபந்தனை இருக்குங்களே..."

"சும்மா கிடைச்சதுக்கு நிபந்தனை வேறயா?"

தவமணிக்குச் சுரண்டக் கை வரவில்லை. தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் மன்னர் பெயரைப் பொறித்து, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி பொறியில் முடுக்கினாள். மற்ற பெயர்கள் பொறியின் வயிற்றுக்குள் போயின. மேலே அரச முத்திரை விழுந்தது.

ஆறு மாதத்தில் பொறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பொறிகள் நிற்கவில்லை, ஓய்வெடுக்கின்றன என்று முதல் ஆணை வந்தது. சிலர் திறந்து பார்க்க முயன்றார்கள். ஆக்கியவரைத் தவிர வேறெவர் முத்திரையை உடைத்தாலும் சிறை என்று அடுத்த ஆணை. குடத்தில் நீர் சுமப்பது பொறியை அவமதிப்பது என்று அதற்கும் தடை வந்தது.

தவமணியின் அரைக்காணி நெல் பால் பிடிக்கும் பருவத்தில் வாடியது. அதுதான் வீட்டின் ஒரு வருடச் சோறு.

"பொறி ஓய்வெடுக்கட்டும்டி, பயிருக்கு யாரு லீவு குடுத்தா?" என்றான் அவள் கணவன் சின்னாண்டி.

மறுநாள் காலை தவமணி தங்கள் வயல் பொறியை வண்டியில் ஏற்றி அரண்மனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அதைப் பார்த்து நாற்பது வண்டிகள் பின்னால் சேர்ந்துகொண்டன.

"என்ன அட்டகாசம் இது?" என்றார் அமைச்சர்.

"ஆக்கியவரு மட்டும்தான் தெறக்கலாம்னு ஆணைங்கய்யா. பேரு போட்டிருக்கு, பாருங்க. அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

மறுத்தால், ஆக்கியவர் தானல்ல என்றாகிவிடுமே! மன்னர் வந்தார். சுத்தியலைச் செங்கோல் போலப் பிடித்து முத்திரையை உடைத்தார். உள்ளே பெயர்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "மாதம் ஒருமுறை உள்தோலை விளக்கெண்ணெயில் ஊறவிடுக."

நீரை உறிஞ்சி மேலேற்றும் அந்தத் தோல் காய்ந்து அப்பளமாயிருந்தது. அரண்மனை அடுப்படியிலிருந்து எண்ணெய் வந்தது. மறுநாள் விடிந்ததும் தவமணியின் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பாதிப் பயிர் பிழைத்தது.

அன்றே பறை அறைந்தார்கள். விளக்கெண்ணெயின் மகிமையைக் கண்டறிந்தவர் மாமன்னர். தகட்டின் உட்பக்கம் இருந்த காளத்தி, சடையன், வெள்ளையம்மா ஆகிய மூன்றும் அவருடைய பட்டப்பெயர்கள்.

கூட்டத்தில் நின்ற வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அமைச்சர் தவமணியிடம் புதுத் தகடுகளை நீட்டினார். "விளக்கெண்ணெய் கண்ட வேந்தர்னு போடு. பெருசா போடு."

"ஆகட்டுங்கய்யா."

அவர் தலை மறைந்ததும் தவமணி முதல் தகட்டைத் திருப்பிப் போட்டாள். உளியை எடுத்துக் காளத்தியிலிருந்து தொடங்கினாள்.