தூங்காத பதினோரு குழந்தைகள்

மேசைமேல் கிடந்த பதினோரு தாள்களை நம்புவதானால், அந்தப் பேட்டையில் பிறந்த ஒரு குழந்தைகூட இதுவரை ஒழுங்காகத் தூங்கியதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதுவும் விட்டுவிட்டு.

நர்ஸ் ஹாஜர் தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தி, எதிரே உட்கார்ந்திருந்த நஜ்வாவைப் பார்த்தாள். நஜ்வாவின் மடியில் அவளுடைய நாலு மாதப் பையன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டான்.

"நேத்து எவ்வளவு நேரம் தூங்கினான்?"

"எங்க தூங்கறான்? பொட்டுத் தூக்கம் கிடையாது."

"இப்ப தூங்கறானே."

நஜ்வா சட்டென்று முக்காட்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். "இதைப் போய்த் தூக்கம்ங்கறியே. கண்ணை மூடிட்டு என்னைக் கறுவிட்டு இருக்கான்."

"குறட்டை விடறான், நஜ்வா."

"சளி."

ஹாஜருக்குக் கோபம் வரவில்லை. அவளும் இதே ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரிதான். பிள்ளை நன்றாகத் தூங்குகிறான் என்று ஒரு தாய் வாயால் சொன்னால், கேட்டவர்களில் யாராவது ஒருத்தியின் கண் பட்டுவிடும், அதோடு அந்தத் தூக்கம் போச்சு. ஹாஜர் ஏழு வயதில் இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருத்தியாகத் தின்றுகொண்டிருந்தபோது, அவளுடைய அம்மாவும் "ஒரு வாய் உள்ள இறங்க மாட்டேங்குது" என்று தெரு முழுக்கப் புலம்பியவள்தான்.

ஆனால் தலைநகர் டூனிஸிலிருந்த டாக்டர் லுத்ஃபிக்கு இந்தப் புலம்பலெல்லாம் வேண்டாம், கணக்கு வேண்டும். குழந்தைத் தூக்கத் திட்டம் அவருடையது. அந்தத் திட்டத்தின் புண்ணியத்தில்தான் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன நலநிலையத்துக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு குழந்தை டாக்டர் வந்தார். அதற்கு முன்னால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். ஹாஜர் ஒரு வருடம் அலைந்து வாங்கிய திட்டம் அது. இந்த மாதத் தாள்கள் உருப்படியாக வராவிட்டால் திட்டம் காபெஸ் நகரத்துக்குப் போய்விடும் என்று லுத்ஃபி சொல்லிவிட்டார்.

ஆகவே ஹாஜர் தாய்மார்களைக் கூட்டி வைத்துப் பேசினாள்.

"குழந்தை தூங்கும்போது சும்மா கிடக்கறதா நினைக்காதீங்க. மூளைக்குள்ள கட்டட வேலை நடக்குது. பார்த்தது, கேட்டது எல்லாம் அப்பத்தான் அதது இடத்துல போய் உட்காருது. தூக்கம் கெட்டா வேலை நின்னுபோகும். மூளை மட்டுமில்ல, மனசும் சோர்ந்துபோகும். அதனால உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்க."

பெண்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹாஜருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அடுத்த வாரத் தாள்களில் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடமாகக் குறைந்திருந்தது.

"என்ன நஜ்வா இது?"

"நீதானே சொன்னே, மூளையே தூக்கத்துலதான் வளருதுன்னு. அவ்வளவு பெரிய சொத்தை யாராவது வெளிய சொல்லிட்டுத் திரிவாங்களா? நீயும் கொஞ்சம் மெதுவாப் பேசியிருக்கலாம்."

ஹாஜர் யோசித்தாள். பெயர் தெரிந்தால்தானே கண் படும்? இனிமேல் தாளில் பெயரே வேண்டாம், ஆளுக்கு ஒரு நம்பர், பிடித்த நம்பரை அவரவரே எழுதிப் பெட்டியில் போடட்டும், யாருடையது என்று அவளுக்கே தெரியாது. இந்த யோசனை தனக்கு முன்பே தோன்றாமல் போனதே என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள்.

பெட்டியைத் திறந்தாள். பதினோரு தாள்களிலும் நம்பர் ஐந்து.

கூட்டிப் பெருக்கும் மொன்ஜியா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "வேற என்ன எழுதுவாங்க மகளே? அஞ்சு விரல்தானே கண்ணூறைத் தடுக்கும். ஆறை எழுதிட்டுப் புள்ளையைத் தொலைக்கவா?"

ஹாஜர் அந்தத் தாள்களை அனுப்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடைசி நாள் அன்றுதான். அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் லுத்ஃபியின் போன் வந்துவிட்டது.

"ஹாஜர், அந்த அஞ்சாம் நம்பர் குழந்தை யாரு? ஒரே குழந்தைக்கு பதினோரு தாள் வந்திருக்கு, எல்லாத்துலயும் நாற்பது நிமிஷம். உடனே இங்க கொண்டு வரச் சொல்லுங்க. தலையில கம்பி ஒட்டி மூளையைப் பார்க்கணும்."

"அது ஒரு குழந்தை இல்ல, டாக்டர். பதினொண்ணு."

"அப்ப பதினொண்ணையும் கொண்டு வாங்க."

பிள்ளைகளின் தலையில் கம்பி என்ற செய்தி மத்தியானத்துக்குள் மீன் சந்தையைத் தாண்டிவிட்டது. நஜ்வா வாசலில் நின்றபடியே, "உன்னை நம்பித்தானே பொய் சொன்னோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹாஜர் மறுபடி போன் செய்து, தாள்கள் அத்தனையும் பயத்தில் எழுதின பொய் என்று கெஞ்சினாள்.

"சரி, நான் நம்பற மாதிரி ஒரு தாளாவது உங்ககிட்ட இருக்கா?" என்றார் லுத்ஃபி. "அது இல்லேன்னா திட்டம் எதுக்கு? வியாழக்கிழமை நான் நேர்ல வரேன். அன்னிக்கு முடிவு பண்ணிடலாம்."

ஹாஜர் போனை வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எம்னா உள்ளே வந்தாள்.

எம்னா பேட்டைக்குப் புதுசு. கணக்கு டீச்சர், இப்போது பிரசவ விடுப்பு. பிறந்த ஊர் மலைப்பக்கம் கெஃப். புருஷனுக்குக் கடலுக்குள் எரிவாயு மேடையில் வேலை, மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. தள்ளுவண்டியில் இரண்டு மாதப் பையன். பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினாள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பொடிப்பொடி எழுத்தில், மூன்று வாரத்துத் தூக்கமும் அதில் இருந்தது.

ஹாஜர் அடியிலிருந்த கூட்டுத்தொகையைப் பார்த்தாள். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்.

"நல்லாத் தூங்கறானா?"

"நல்லாத் தூங்கறான்," என்றாள் எம்னா.

அந்த வார்த்தையை அந்தக் கட்டடத்துக்குள் ஒரு தாய் சொல்லி ஹாஜர் கேட்டதே இல்லை. எழுந்து போய் எம்னாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். படித்தவள், கண்ணேறுக்குப் பயப்படாதவள், பொய் சொல்லாதவள். ஊருக்கு இப்படி ஒருத்தி போதும்.

அன்றைக்கே தாள்களை ஒட்டி, நீளமாகச் சுவரில் தொங்கவிட்டாள். மேலே பெரிய எழுத்தில் 'இப்படித் தூங்க வேண்டும்' என்று எழுதினாள். வியாழக்கிழமை வந்து மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல முடியுமா என்று எம்னாவைக் கேட்டாள். எதைக் கேட்டாலும் எம்னா சரி என்றாள்.

வியாழக்கிழமை தடுப்பூசி நாள். வராமலிருக்க வழியில்லை என்பதால் பதினோரு பேரும் வந்தார்கள். பதினோரு குழந்தைகளும் துணிக்குள் மூடப்பட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கின. ஹாஜருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. லுத்ஃபி வந்து இதைக் கண்ணால் பார்த்தால் போதும், தாளே வேண்டாம்.

அதற்குள் பெண்கள் சுவரைப் பார்த்துவிட்டார்கள்.

"யா அல்லா," என்றாள் நஜ்வா மெதுவாக. "பெத்த புள்ளையோட தூக்கத்தைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கா." எம்னாவிடம் திரும்பினாள். "ஏம்மா, உனக்கு யாருமே இல்லையா சொல்லிக் கொடுக்க? சும்மா ரெண்டு பொய் சொன்னா என்ன?"

"அவன் நல்லாத்தான் தூங்கறான்," என்றாள் எம்னா மறுபடியும்.

அதற்குமேல் அவர்களால் பொறுக்க முடியவில்லை. எவ்வளவு பொய் சொன்னாலும் நல்ல மனசுக்காரிகள். அடுத்தவள் பிள்ளை ஆனாலும் பிள்ளைதானே. ஒருத்தி தன் குழந்தையின் சட்டையில் கண் படாமலிருக்கக் குத்தியிருந்த வெள்ளி மீனைக் கழற்றித் தாளில் குத்தினாள். இன்னொருத்தி ஐந்து விரலையும் மையில் தோய்த்து ஓரத்தில் பதித்தாள். நஜ்வா ஓடிப்போய் எதிர்க் கடையில் சாம்பிராணிச் சட்டியை வாங்கிவந்து, சுவருக்கு நேர் கீழே வைத்து, கை நிறையத் தூவினாள்.

"வேண்டாம், நஜ்வா," என்றாள் ஹாஜர்.

"நீ சும்மா இரு. நீ பண்ணினது போதும்."

புகை எழும்பிக் கூரையில் முட்டிக் கீழே இறங்கியது. முதலில் நஜ்வாவின் பையன் இருமினான். பிறகு அழுதான். பிறகு பதினோரு குழந்தைகளும் ஒரே குரலாக வீறிட்டன. அந்த நேரம் பார்த்து டாக்டர் லுத்ஃபி கதவைத் திறந்தார்.

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "தாள்ல எழுதினது பொய்யில்ல போலிருக்கே," என்றார்.

ஹாஜருக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருட அலைச்சலும் அந்தப் புகையோடு போயிற்று என்று நினைத்தாள்.

அப்போதுதான் லுத்ஃபி மூலையில் இருந்த தள்ளுவண்டியைப் பார்த்தார். இவ்வளவு கலவரத்திலும் எம்னாவின் பையன் அசையாமல் தூங்கினான். பக்கத்தில் எம்னா முழங்காலில் நோட்டை வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவர் சுவரிலிருந்த தாளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"எல்லா அம்மாவும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இருக்காது," என்று எம்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹாஜரிடம், "திட்டம் இங்கேயே இருக்கட்டும். காபெஸ் காத்திருக்கும். இந்தத் தாளைத்தான் நாடு முழுக்க மாதிரியா அனுப்பப்போறேன்," என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். கம்பி இல்லை, வியாழக்கிழமை டாக்டர் உண்டு. எம்னா எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு, வாசல்படியில் ஒருமுறை தடுக்கி, வீட்டுக்குப் போனாள்.

எல்லோரும் போன பிறகு ஹாஜர் புதினா டீயோடு நாற்காலியில் சாய்ந்தாள். அவ்வளவு நிம்மதியாக அவள் உட்கார்ந்து பல மாதம் ஆயிற்று. மொன்ஜியா ஈரத்துணியால் சுவரிலிருந்த சாம்பிராணிக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல என்ன மகளே இவ்வளவு பொடி எழுத்து?"

"அதுதான் கணக்கு. கேளு." ஹாஜர் எழுந்து வந்து விரலை வைத்து வாசித்தாள். "ராத்திரி ஒண்ணேகால், தூங்கறான். ஒண்ணரை, தூங்கறான். ஒண்ணே முக்கால், தூங்கறான். ரெண்டு, தூங்கறான். இப்படியே கால் மணிக்கு ஒரு தடவை, விடியறவரைக்கும். மூணு வாரத்துல ஒண்ணுகூட விட்டுப்போகலை. இப்படி ஒரு தாயை நான் பார்த்ததே இல்லை, மொன்ஜியா."

மொன்ஜியாவின் கை நின்றது. அந்தத் தாளை மேலிருந்து கீழே வரை மெதுவாகப் பார்த்தாள்.

"அது சரி. இதை எழுதினவ எப்ப தூங்கினா?"