தையலுக்கு விடாத வீடு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் சௌக்கியம். இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்வரை இதே சௌக்கியம் நீடிக்கும் என்று நம்புகிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலி, உங்கள் வீட்டம்மாவின் கோபம் இரண்டும் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். போன் இருக்கிற காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் உங்கள் தங்கை போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதற்கப்புறம் நான் சொன்னதாக அவள் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். கடிதத்தில் அந்தப் பயமில்லை. என் கையெழுத்து அவளுக்குப் புரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா உங்கள் பெயரிலும் உங்கள் தங்கை பெயரிலும் சேர்த்து எழுதிவைத்த மனையைப் பற்றி, "அதில் வீடு கட்டப்போகிறீர்களா இல்லையா, கட்டுவதானால் என் பங்கையும் தங்கைக்கே எழுதித் தருகிறேன், இல்லையென்றால் பக்கத்துக் கிடங்குக்காரருக்கு விற்றுவிட்டு இப்போதிருக்கும் வாடகை மாடியிலேயே சிக்கனமாகக் காலத்தை ஓட்டுங்கள், ஏதாவது ஒன்றை முடிவுபண்ணி எழுதுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. மாடியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கீழே என் தையல் கடை, மேலே ஒன்றரை அறை. முன்னறையில் நானும் டிவியும், உள்ளறையில் உங்கள் மருமகளும் அவளுடைய பரீட்சைப் புத்தகங்களும். உங்கள் தங்கைக்கு என்னவோ மாடிப்படிதான் பிடிக்கும். கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பது, வாரப்பத்திரிகை படிப்பது எல்லாம் நாலாவது படியில் உட்கார்ந்துதான். யாராவது ஏறினால் எழுந்து வழிவிடுவாள், இறங்கினால் எழுந்து வழிவிடுவாள், ஒரு தொடர்கதையில் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்குள்ளே நாற்காலி இருக்கும்போது படியில் போய் உட்காருவானேன் என்று நானும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில பேருக்குச் சில பழக்கம்.

நானோ கனவு வீட்டுக்காரன். இஞ்சினியர் ஒருவர் பேப்பரில் வரைந்து கொடுத்தார். நீலக் கோடும் அம்புக்குறியுமாக இருந்த அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், வீடு எந்தப் பக்கம் நிற்கிறது என்றே பிடிபடவில்லை. நான் கட்டிங் மாஸ்டர், மச்சான். பேப்பரில் இருக்கும் சட்டையை யாரும் போட்டுப் பார்க்க முடியாது. சாக்பீஸ் எடுத்து முழு அளவில் கோடு போட வேண்டும், ட்ரையல் பார்க்க வேண்டும். என் கடையில் ஒரே சட்டந்தான்: கோடு இருந்தால் வெட்டு, கேள்வி கேட்காதே. ஒருமுறை போனில் பேசிக்கொண்டே ஒருவர் கோட் தைக்கக் கொடுத்த துணிமேல் சும்மா ஒரு வாத்துப் படம் போட்டுவிட்டேன், என் கையாள் அந்த வாத்தையும் அலகு பிசகாமல் வெட்டி வைத்துவிட்டார். அந்த மனிதரைச் சமாதானப்படுத்தின கதை உங்களுக்குத் தெரியும். அது கிடக்கட்டும், சட்டம் சட்டந்தான். ஆகவே சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளும் அளவு டேப்புமாக மனைக்குப் போய், என் கனவு வீட்டை முழு அளவில் தரையிலேயே வரைந்துவிட்டேன்.

பெரிய ஹால். பெரிய ஹாலில் உட்கார வைக்க முடியாதவர்களுக்காகச் சின்ன ஹால். விருந்தாளி அறை. எனக்குப் பேப்பர் படிக்க ஓர் அறை, உடுத்திப் பார்க்க மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. உங்கள் மருமகளுக்கு ஓர் அறை. கார் கிடையாது, ஆனாலும் கார் ஷெட். பால்கனி மாடியில் வரவேண்டியது, மாடி இன்னும் இல்லாததால் தற்காலிகமாகத் தரையில் போட்டேன். மிச்சமிருந்த மூலையில் சமையலறை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், மச்சான், வெள்ளை வெளேர் என்று கிடந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் உடம்புக்கு அளவெடுத்துவிட்டேன், எனக்கென்று அளவெடுத்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டிலேயே வாழ்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு. வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், சுவரைத் தாண்டக் கூடாது, இதுதான் நிபந்தனை. உங்கள் தங்கை சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தலைமேல் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு சின்ன ஹால், பெரிய ஹால், நடை எல்லாம் சுற்றி வந்தாள். "ஏங்க, இப்படிக் குறுக்க ஒரு எட்டு வெச்சா சமையக்கட்டு. எதுக்கு இவ்வளவு சுத்து?" என்றாள். "அது சுவரும்மா" என்றேன். "சுவரா?" என்று குனிந்து பார்த்தாள், சுற்றிப் போனாள். உங்கள் மருமகள் மட்டும் குஷியாகிவிட்டாள். தன் அறைக்குள் போய் இல்லாத கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா, தட்டிட்டுத்தான் வரணும்" என்றாள். காற்றில் எங்கே தட்டுவது? வாயாலேயே "டொக் டொக்" என்றேன். "யாரு?" என்கிறாள். பெற்ற அப்பனைப் பார்த்துக்கொண்டே யாரு என்று கேட்கிறாள் என்றால் வீடு எவ்வளவு தத்ரூபமாக அமைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே தொல்லை, தெருக்காரர்களுக்கு நம் மனை குறுக்கு வழி. சைக்கிளில் ஒருவர் பெரிய ஹாலுக்குள் நேரே வந்துவிட்டார். "யோவ், ஹாலுக்குள்ள சைக்கிளா?" என்று கத்தினேன். "எந்த ஹாலு?" என்றார். "நீங்க நிக்கிறதுதான்." காலடியைப் பார்த்தார், சைக்கிளை விட்டு இறங்கினார், "மன்னிச்சுக்குங்க, செருப்போட வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விருந்தாளி அறையின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போனார். அந்த அறையில் ஏற்கெனவே ஒரு தெரு நாய் படுத்திருந்தது. விரட்டிப் பார்த்தோம், அசையவில்லை. விருந்தாளி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

பதினொரு மணிவாக்கில் என் சகலை, அதாவது உங்கள் சின்னத் தங்கை வீட்டுக்காரர், கைவீசிக்கொண்டு வந்து சேர்ந்தார். "சகலை, நீங்க நிக்கிறது குளியலறை" என்றேன். "சொல்லக் கூடாதா, கதவைத் தாழ் போட்டிருப்பேனே" என்றார். அவர் போன வருஷம் கட்டின மாளிகை உங்களுக்குத் தெரியுமே. "கட்டுங்க சகலை! மனுஷனாப் பொறந்தா வீடுன்னு ஒண்ணு கட்டணும்!" என்று ஊருக்கே கேட்கும்படி முழங்கினார். பிறகு என்னைக் கார் ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "வேணாம் சகலை. கடன் கட்டினது போக மீதியில கூட்டித் துடைக்கிற ஆளுக்குக் கொடுத்தா சாப்பாட்டுக்கு இழுத்துப் பறிக்குது. ஆறு ரூமைப் பூட்டி வெச்சுட்டு ஒரே ரூம்ல இருக்கோம். சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் கழட்டல. அவ மாடியில இருந்தா போன் போட்டுத்தான் பேசிக்கிறோம்" என்றார். "அப்ப எதுக்குக் கட்டுங்கன்னு கத்துனீங்க?" என்று கேட்டேன். "நான் மட்டும் தனியா மாட்டிக்கிட்டு முழிக்கணுமா?" என்றார். வெளியே வந்ததும் மறுபடி, "கட்டுங்க சகலை!" என்று முழங்கினார்.

நியாயமாக அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. உங்கள் தங்கை நடுவீட்டில் நின்று ஒவ்வோர் அறையாக விரல் நீட்டி, "இது உங்களுக்கு. இது அவளுக்கு. இது வரவங்களுக்கு. இது வராத காருக்கு. எனக்கு எது?" என்று கேட்டாள். என்ன கேள்வி இது! "வீடே உன்னோடதுதானே!" என்றேன். சகலை கைதட்டினார். இதைவிடப் பெருந்தன்மையாக ஒரு புருஷன் என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சுவர்க் கோட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கோட்டின் அகலத்தை விரலால் அளந்தாள். "எல்லாம் சரி, மாஸ்டர். தையலுக்கு எங்க விட்டீங்க?" என்றாள்.

மச்சான், என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது. ஓரத்தில் தையலுக்குத் துணி விடாமல் வெட்டினான் என்பதற்காக எத்தனை பேரைக் கடையை விட்டு அனுப்பியிருக்கிறேன்! வீட்டுக்குத் தையல் எது? சுவர்தானே. ஒவ்வொரு சுவரும் ஒன்பது அங்குலம் சாப்பிடும், மேலே பூச்சு வேறு. நானோ எல்லாச் சுவரையும் ஒரு விரல் சுண்ணாம்பாகப் போட்டு அறைகளை அளந்துவிட்டேன். டேப்பை எடுத்துத் திரும்ப அளந்தோம். நடை, பக்கவாட்டில் நடந்தால்தான் போக முடியும் என்று ஆனது. குளியலறைக் கதவு திறந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும். மாடிப்படி நேராக அடுப்பில் போய் இறங்கியது. மூன்று கண்ணாடி அறையில் கண்ணாடிகள் இருக்கலாம், நான் இருக்க முடியாது. வெளிப்பக்கம் தள்ளலாம் என்றால் அந்தப் பக்கம் கிடங்குச் சுவர், இந்தப் பக்கம் தெரு. துணி பத்தவில்லை, மச்சான். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கிடங்குச் சுவரின் நிழல் விழுந்தது சமையலறையில் மட்டுந்தான். நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள், சகலை, கடைசியில் எழுந்து வந்த விருந்தாளி நாய் உட்பட எல்லோரும் அந்த மூலையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரிய ஹால் காலியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வரை அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. சகலை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி, "எங்க வீட்டைவிட இது வசதியா இருக்கு" என்றார்.

ஆகவே முடிவு இதுதான். கனவு வீடு வேண்டாம். கட்டினால் சகலை மாதிரி ஆறு அறையைப் பூட்டிவைத்து ஏழாவதில் பட்டினி கிடக்க வேண்டும். மாடியே போதும், வாடகையும் கையைக் கடிக்காது. கிடங்குக்காரருக்கே மனையைக் கொடுத்துவிடுங்கள். சொல்லும்போது மனசு வலிக்கத்தான் செய்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் தங்கைக்கும் முழுச் சம்மதம். "வித்துடலாம்னு எழுதப்போறேன்" என்றேன், "உங்க இஷ்டம்" என்றாள். சந்தோஷமாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கொத்தனாரைச் செவ்வாய்க்கிழமை மனைக்கு வரச்சொல்லியிருந்தேன், வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு என்று அவளிடமே ஒப்படைத்துவிட்டேன். மிச்சமிருந்த சுண்ணாம்புத் தூளையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள், எறும்புக்குப் போட வேண்டுமாம். எவ்வளவு சிக்கனமானவள் பாருங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் எந்த வீட்டில் இருந்தாலும் தலை இடிக்காமல் உயரமாக வளர எங்கள் ஆசி. பதில் போட அவசரமில்லை, கையெழுத்துப் போட வர வேண்டிய நாளை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஊருக்கெல்லாம் அளவெடுக்கும்
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். இன்று செவ்வாய்க்கிழமை காலை, இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிற வழியில் மனையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். கொத்தனாரும் இரண்டு ஆட்களும் முழங்காலளவு பள்ளத்தில் நின்று தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டைக் காணோம். பெருக்கித் தள்ளியிருக்கிறது. அதற்குப் பதில் மனையின் ஒரு பக்கமாக வேறொரு வீடு, சின்னதாக, கச்சிதமாக, ஒவ்வொரு சுவருக்கும் இரண்டிரண்டு கோடு போட்டு, தையலுக்கு விட்டு வரைந்திருக்கிறது. சாப்பிட்ட மூலையிலேயே சமையலறை, நாலு பேர் தாராளமாக உட்காரலாம். "யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க?" என்றேன். "கோடு போட்டிருந்துச்சு மாஸ்டர், தோண்டுனோம். உங்க கடையிலயும் அப்படித்தானாமே, அம்மா சொன்னாங்க" என்றார் கொத்தனார். வாத்து ஞாபகம் வந்தது. செலவைக் கேட்டேன். சொன்னார். சகலையின் சோபாவுக்குக் கொஞ்சம் மேலே, மச்சான், நம்மால் முடியும். நடுவில் இருந்த சின்ன அறையைக் காட்டி இது யாருக்கு என்று கேட்டேன். "அம்மா ரூமாம். தாழ்ப்பாள் உள்பக்கம் வைக்கணும்னு ரெண்டு தரம் சொல்லிட்டுப் போனாங்க" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்தேன். உங்கள் தங்கை நாலாவது படியில் உட்கார்ந்து தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாள். நான் ஏறப்போனேன், எழுந்து வழிவிடவில்லை. கீழ்ப்படியிலேயே நின்றேன். "வீட்டைப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. அதுல எனக்கு எது?" என்று கேட்டேன்.

பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "வீடே உங்களோடதுதானே."

மனையை விற்க வேண்டாம். உங்கள் பங்கைத் தங்கை பெயருக்கே எழுதிவிடுங்கள்.