மலைத்தாய் மரம் எண்ணும் நாள்

மனைவி வராத இடம் என்று ஒன்றாவது இந்த உலகத்தில் இருக்கவேண்டும் என்பது தொகுஜியின் கொள்கை. அவருக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. டோக்கியோவுக்கு வெகு வடக்கே, பனி கொட்டும் அகிதாவில் அவர் வீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் மலைதான் அது.

குளிர்காலம் முழுக்க அந்த மலையின் உச்சிக்குச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப் போவது அவர் தொழில். அங்கே ஊசியிலை மரங்கள் பனி மூடி, தலையும் தோளுமாகப் பூதங்களைப் போல நிற்கும். அவற்றின் நடுவே தொகுஜி கை நீட்டிப் பேசினால் டோக்கியோக்காரர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். வீட்டிலோ முள்ளங்கி ஊறுகாயைக் கடிக்கும் சத்தத்துக்குக்கூட மனைவி மிட்சுயேவிடம் பாட்டு வாங்கவேண்டும்.

அந்த மிட்சுயே ஒரு நாள் சொன்னாள். "ஏங்க, ஊரான் எல்லாம் வந்து பார்க்கிறான். நாளைக்கு என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த வருஷம் போயே தீரணும்."

தொகுஜி மனசுக்குள் கணக்குப் போட்டார். இவள் ஒரு தடவை வந்தால் தினமும் வருவாள். அவர் சொல்லும் கதைகளை விருந்தாளிகள் முன்னாலேயே திருத்துவாள். அப்புறம் அவர் எங்கே போய் மனிதராக இருப்பது?

அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. ஊர் நம்பிக்கைப்படி, மறுநாள் மலைச்சாமியான மலைத்தாய் தன் மரங்களை எண்ணும் நாள். அன்று மலையில் அகப்பட்ட ஆளையும் மரத்தோடு மரமாக எண்ணிவிடுவாள், எண்ணியது எண்ணியதுதான். கேபிள் கார் ஓடும், ஆனால் உள்ளூர்க்காரன் ஒருவனும் ஏறமாட்டான்.

"அதுக்கென்ன, போகலாமே!" என்றார் தொகுஜி, தேன் ஒழுக.

"நாளைக்கு எண்ணுற நாளாச்சே?"

"அதெல்லாம் சும்மா கதை. நான் இருக்கேன்ல?"

மிட்சுயே அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் உச்சியில் இறங்கியபோது ஈ காக்காய் இல்லை. மூடுபனி கீழிருந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மிட்சுயேவைப் பாதையோரம் கட்டியிருந்த கயிற்றருகே நிறுத்திவிட்டு, "பாதை சரியா இருக்கான்னு பார்த்துட்டு வரேன்," என்று பூதங்களுக்குள் நுழைந்தார். கோட்டுக்குள் சுருட்டி வைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். இனி மலைத்தாய் மாதிரி கரகரத்த குரலில் எண்ணவேண்டியதுதான் பாக்கி. மிட்சுயே அலறிக்கொண்டு ஓடுவாள், ஜென்மத்துக்கும் மலைப் பேச்சை எடுக்கமாட்டாள்.

வாயைத் திறந்தார்.

"ஒண்ணு," என்றது ஒரு குரல்.

அது அவருடைய குரல் இல்லை.

"ரெண்டு. மூணு."

மூடுபனி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. தன் கையே தெரியவில்லை. பனிக்குள் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் பிடிபடவில்லை. முதலில் முன்னால் கேட்டது, பிறகு பின்னால் கேட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் கொஞ்சம் நெருங்கியது. பன்னிரண்டுக்குப் பிறகு சற்று நின்றது. அந்த நிசப்தத்தில்தான் தொகுஜிக்கு உயிரே போவதுபோல் இருந்தது. மறுபடி தொடங்கியபோது குரல் இன்னும் தணிந்து, மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"பதினாறு." காதோரம் குளிர்ந்தது. "பதினேழு."

"நான் மரமில்ல தாயே!" என்று அலறினார் தொகுஜி.

"அப்ப யாரு?"

"மிட்சுயேவோட புருஷன்!"

"அவ வந்து சொல்லட்டும்."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஓடலாம் என்றால் கால் அசையவில்லை. முழங்கால்வரை பனியில் புதைந்திருந்தது, விரிப்போ விறைத்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. நிஜமாகவே மரமாகிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தார். அழுதார். கண்ணீரும் உறைந்தது.

நெடுநேரம் கழித்துப் பனியை மிதித்து நடக்கும் சத்தம் கேட்டது. மிட்சுயே.

"அட, இந்த மரத்துக்கு மூக்கு ஒழுகுதே!"

"மிட்சுயே! இது உன் புருஷன்னு சத்தமா சொல்லு! சீக்கிரம் சொல்லு!"

"எனக்கென்னங்க தெரியும்? மலைச் சமாச்சாரம் எதுவும் எனக்குப் புரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"புரியும்! எல்லாம் புரியும்!"

"கூட்டிட்டு வரவும் மாட்டீங்க."

"தினமும் வா! நீயே முன்னால நட! மலையே உன்னுதுதான்!"

"சாமி கேட்டுக்கிட்டிருக்கு. பார்த்துப் பேசுங்க."

"சாமி சத்தியமா!"

மிட்சுயே மூடுபனியைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "அம்மா, இது எங்க வீட்டுக்காரர்தான். விட்டுடுங்க." பிறகு அவர் காலைச் சுற்றியிருந்த பனியைத் தோண்டி இழுத்துவிட்டாள்.

திரும்பும் கேபிள் காரில் உடம்பு சூடேறியதும் தொகுஜிக்குப் புத்தியும் வந்தது.

"ஏய், எண்ணினது நீதானே?"

"நான்தான்," என்றாள் மிட்சுயே, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "காலையிலேயே படுக்கை விரிப்பைக் காணோம். உங்க கோட்டுக்குள்ள புதுசா ஒரு தொப்பை. எனக்குத் தெரியாதா?"

"அப்ப அந்தச் சத்தியம் செல்லாது! சாமியே இல்லையே!" தொகுஜி துள்ளி எழுந்ததில் பெட்டி ஆடியது.

"ஆனா நான் பன்னெண்டோட நிறுத்திட்டேங்க. குளிர்ல தொண்டை கட்டிக்கிச்சு. அப்புறம் உங்களைத் தேடறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு." அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன், நீங்க எத்தனையாவதா நின்னீங்க?"

தொகுஜி மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே பூதங்கள் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் மறைந்துகொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து மலையில் மிட்சுயே கொடி பிடித்து முன்னால் நடக்கிறாள், தேநீர்க் குடுவையைச் சுமந்துகொண்டு தொகுஜி பின்னால் வருகிறார். யாரோ ஒரு டோக்கியோ அம்மாள் கேட்டாள், "பின்னால வர்றவரு யாருங்க?"

மிட்சுயே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுவா? மலைத்தாய் எண்ணிப் பார்த்துட்டு, வேண்டாம்னு திருப்பிக் கொடுத்த மரம்."