எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டமும் என் கீபோர்டும்

ஊரார் கம்ப்யூட்டரைச் சரிசெய்து சம்பளம் வாங்குகிறவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். (அனுபவம் என்னுடையது. அவமானம் என் மனைவி கவிதாவுடையது.)

முகப்பேரில் எங்கள் ஃப்ளாட். நான் ஒரு ஐ.டி. கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறேன். கவிதா பக்கத்துத் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அப்போது தற்காலிகம்தான். அந்தச் சனிக்கிழமை காலை ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆன்லைனில் பெற்றோர் கூட்டம் நடத்தினாள். மதிப்பெண் பட்டியல் எல்லோர் திரையிலும் தெரிந்துகொண்டிருந்தது. இவளை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க பிரின்ஸிபாலும் கூட்டத்தில் சேர்ந்திருந்தார்.

"பன்னெண்டு மணி வரைக்கும் ரூமை விட்டு வராதீங்க. சத்தமே கேக்கக் கூடாது" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டேன். கடைசி வரை நான் சத்தம் போடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆபீஸ் மெயிலுக்குப் பதில் அடித்தபடியே இட்லி சாப்பிட்டேன். கீபோர்டில் இரண்டு சொட்டு சாம்பார் விழுந்தது. வயர் இல்லாத கீபோர்டு. துண்டால் அழுத்தித் துடைத்தேன். அதோடு அது வேலையை நிறுத்திக்கொண்டது.

நான் பதறவில்லை. தினமும் முப்பது பேருக்குச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். பண்ணினேன். பேட்டரி மாத்திப் பாருங்க சார். ஏசி ரிமோட்டிலிருந்து உருவி மாற்றினேன். அசையவில்லை. ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடலாம் என்றால், போனை எடுக்கப்போவது எனக்குக் கீழே வேலை பார்க்கும் பையன். (மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.)

ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் எதையாவது தட்டிப் பார்க்க வேண்டும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். 'வேலை செய்.' என் திரையில் ஒன்றும் வரவில்லை. 'வேலை செய் எருமை.' அதுவும் வரவில்லை. 'உனக்குச் செலவு பண்ணதே தண்டம்.'

கவிதாவிடமிருந்து போனில் மெசேஜ் வந்தது: 'கீபோர்டைத் தொடாதீங்க.'

ஈரக் கையோடு ஷாக் வாங்கிவிடுவேனோ என்று பயப்படுகிறாள். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் இவ்வளவு அக்கறை. 'சரியாயிடும், கவலைப்படாதே' என்று பதில் போட்டுவிட்டு, புதுத் தெம்போடு தட்டினேன்: 'தூக்கிக் குப்பையில போடப்போறேன்.'

நடந்தது இதுதான். அந்தக் கீபோர்டில் 1, 2 என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. 1 என் கம்ப்யூட்டர். 2 கவிதாவின் லேப்டாப். (ஒரு கீபோர்டில் இரண்டையும் ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று நானே இணைத்து வைத்தது.) துடைத்த துடைப்பில் 2 அழுந்திவிட்டது. நான் தட்டியதெல்லாம் பட்டியலில், ஹரிணி, முப்பத்தொரு மார்க் என்ற வரிசையில், 'டீச்சர் குறிப்பு' என்ற கட்டத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. கேமரா முன்னாலிருந்து எழுந்து வர முடியாமல் கவிதா ஒன்றை அழிப்பாள். அடுத்தது வரும்.

திடீரென்று ஹால் அமைதியாகிவிட்டதைக் கவனித்துக் கதவில் காதை வைத்தேன். லேப்டாப்பிலிருந்து ஹரிணியின் அப்பா பேசினார். அம்பத்தூரில் தண்ணி லாரி ஓட்டுகிறவர்.

"மிஸ், நீங்க எழுதினது கரெக்ட்தான். ஊட்ல நானும் இதேதான் சொல்லிக்கினு கீறேன். ஆனா குப்பையில போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சான்ஸ் குடுங்க."

"சார், அதை நான் எழுதலை. உள்ள என் வீட்டுக்காரர்..."

"இருக்கட்டும் மிஸ். சார் சொன்னாலும் கரெக்ட்தான்."

கூட்டம் முடிந்ததும் கவிதா உள்ளே வந்தாள். கீபோர்டைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மதியம் சாப்பாடு வந்தது. பேச்சு செவ்வாய்க்கிழமைதான் வந்தது, அதுவும் நிரந்தர வேலைக்கான கடிதத்தோடு. பெற்றோரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசும் டீச்சர் என்று பிரின்ஸிபால் பாராட்டியிருந்தார். தன் நேர்மைக்கு நான் காரணம் என்பதை அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஹரிணியிடம் கவிதா நேரில் மன்னிப்புக் கேட்டாள். அவள் அப்பாதான் அந்த விஷயத்தை விடவில்லை. போன மாதம் காய்கறிக் கடையில் எங்களைப் பார்த்ததும் கவிதாவைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"சார், சின்னவ ஆறாவது போயிட்டா. அவளும் படிக்க மாட்டேன்றா. அவளுக்கும் ரெண்டு வரி எழுதி அனுப்புங்க."

கவிதா கத்திரிக்காய் பொறுக்குவதை நிறுத்தவே இல்லை. நிமிராமலே என் போன் நம்பரைச் சொன்னாள்.